அரசில்லாத பாலையில் ஒழுங்கு எங்கிருந்து வந்தது? இஸ்லாத்திற்கு முந்தைய அரபுச் சமூகம் (விவாத இழை)

பாலைவழி (இழையைத் தொடங்கியவர்)

இஸ்லாத்திற்கு முந்தைய அரேபியாவைப் பற்றித் தமிழில் வருபவை பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் திருப்பித் தருகின்றன: ஓயாத குலச்சண்டை, மது, சூது, சிலை வணக்கம், பெண் சிசுவை உயிரோடு புதைத்தல். இவை கட்டுக்கதை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் ஒரு கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. நடு அரேபியாவின் நஜ்து மேட்டுநிலத்திலும் மேற்கே மக்கா இருக்கும் ஹிஜாஸிலும் நிலைத்த மன்னன் இல்லை, காவலர் இல்லை, சிறை இல்லை, எழுதி வைத்த சட்டமும் இல்லை. அப்படியிருந்தும் தோலும் உலர்திராட்சையும் ஏற்றிய ஒட்டகங்கள் நெடுந்தொலைவு போய்த் திரும்பின. தாயிஃபுக்கு அருகே உக்காழ் சந்தை ஆண்டுதோறும் கூடியது. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட குலத்தார் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கூடாரம் அடித்தார்கள். வெறும் காட்டுத்தனத்தில் இது நடக்காது.

என் வாசிப்பில் கிடைத்த விடை இது. பழிக்குப் பழி என்பதே அங்கே ஒழுங்கைக் காத்த ஏற்பாடு. கொலை செய்தவன் மட்டுமல்லாமல் அவன் குலத்து ஆண்கள் அனைவருமே பொறுப்பாளிகள் என்பதால், முரட்டு இளைஞனை அவன் வீட்டு மூத்தோரே அடக்கி வைத்தாக வேண்டும். அடங்காதவனைச் சந்தையில் நிறுத்தி, ‘இவன் இனி எங்களவன் அல்லன், இவன் செய்வதற்கு நாங்கள் பொறுப்பேற்கமாட்டோம், இவனுக்கு நேர்வதற்குப் பழியும் கேட்கமாட்டோம்’ என்று பலர் அறிய அறிவித்துவிடலாம். பழியை இரத்தத்தால்தான் தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை. தியா எனப்பட்ட குருதி ஈட்டை ஒட்டகங்களாகக் கொடுத்தும் தீர்க்கலாம்.

இதன் சிறந்த சான்று, முஅல்லகா எனப்படும் புகழ்பெற்ற பழைய நெடும்பாடல்களில் கவிஞர் ஸுஹைருடையது. அப்ஸ், துப்யான் என்னும் உறவுக் குலங்கள் இரண்டும், தாஹிஸ், கப்ரா என்ற குதிரைகள் ஓடிய பந்தயத்தில் நடந்த ஏமாற்றைக் காரணமாக வைத்துப் பல்லாண்டு போரிட்டன. ஹரிம் இப்னு ஸினானும் ஹாரிஸ் இப்னு அவ்ஃபும் அதை முடித்து வைத்தார்கள். இறந்தோரைக் கணக்கிட்டு, ஈட்டுக்குரிய ஒட்டகங்களைத் தம் மந்தையிலிருந்தே கொடுத்தார்கள். ஸுஹைர் அந்தக் கொடையைப் பாடும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஈடு தவணை தவணையாகச் செலுத்தப்படுகிறது. செலுத்துகிறவர்களோ, வைத்தியர் இரத்தம் உறிஞ்சி எடுக்கும் சின்னக் கிண்ணம் நிறையும் அளவுக்குக்கூட அந்தப் போரில் இரத்தம் சிந்தாதவர்கள். போர்க்களத்தை அளக்க ஒரு வைத்தியக் கிண்ணத்தை எடுத்த கவிஞரின் கண்ணைக் கவனியுங்கள்.

அந்தச் சமாதானமும் நடுவில் முறியப் பார்த்தது. தன் சகோதரன் கொலைக்குப் பழி தீராமல் உடன்படிக்கை இல்லை என்று மனத்துக்குள் சபதம் செய்திருந்த ஹுஸைன் இப்னு ழம்ழம், அப்ஸ் குலத்தான் ஒருவனைக் கொன்றுவிட்டான். அப்ஸ் குலத்தார் ஆயுதத்தோடு கிளம்பினர். ஹாரிஸ் 100 ஒட்டகங்களோடு தம் மகனையும் அவர்களிடம் அனுப்பி, ‘ஒட்டகம் வேண்டுமா, இவன் உயிர் வேண்டுமா?’ என்று கேட்கச் செய்தார் என்பது மரபு. அவர்கள் ஒட்டகங்களைப் பெற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

இதை ஒரு சட்ட ஒழுங்கு என்று ஏற்கலாமா? மற்றவர்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கல்லெழுத்து

பாலைவழி ஐயா, பதிவு அருமை. ஆனால் நீங்கள் சாட்சிக்கு அழைத்த எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள். குதிரைப் பந்தயமும் 100 ஒட்டகமும் நமக்குக் கிடைப்பது 8, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இராக்கில் இருந்த தொகுப்பாளர்களின் வழியாக. அவர்களில் சிலருக்குப் பழைய அரபுப் பெருமை வேண்டியிருந்தது, சிலருக்கு இருண்ட காலம் வேண்டியிருந்தது, மொழியறிஞர்களுக்கு இலக்கண மேற்கோள் வேண்டியிருந்தது. முஅல்லகாக்களைத் திரட்டியவராகச் சொல்லப்படும் ஹம்மாத், தாமே பாடல் கட்டிப் பழையவர் பெயரில் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. இந்த ஐயத்தை 1926இல் தாஹா ஹுசைன் கெய்ரோவில் முழுக் கவிதை மரபின்மேலும் எழுப்பியபோது அரசு வழக்குத்துறையின் விசாரணை வரை விவகாரம் போனது.

அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். நெகேவ் பாலையில் ஐன் அவ்தாத் என்ற இடத்தில் நபத்தேய எழுத்தில் பொறித்த கல்வெட்டொன்றின் நடுவே செய்யுள் போன்ற அரபு வரிகள் இருக்கின்றன. இஸ்லாத்திற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. ஆகவே அரபியில் செய்யுள் கட்டும் பழக்கம் பழையதுதான். ஆனால் குறிப்பிட்ட ஒரு வரி குறிப்பிட்ட ஒருவர் வாயிலிருந்து 6ஆம் நூற்றாண்டில் வந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள பிணை மிகவும் மெலிந்தது.

அதற்காகக் கை விரித்துவிடவும் வேண்டாம், ஏனெனில் வெளிச்சாட்சி இருக்கிறது. போர் விலக்கப்பட்ட புனித மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை பின்னாளில் புனைந்த கற்பனை அல்ல என்பதை அரபு மரபுக்கு வெளியே நின்ற இருவர் உறுதிப்படுத்துகிறார்கள். முதலாமவர் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ். 541இல் தளபதி பெலிசாரியஸ் பாரசீகத்துக்குள் நுழையத் திட்டமிட்டபோது, லெபனான் பகுதிப் படைத்தலைவர்கள் இருவர் தாங்கள் இடத்தைவிட்டு நகர்ந்தால் பாரசீகத்தின் கூட்டாளியான ஹீரா அரபு அரசின் மன்னர் முன்திர் சிரியாவைச் சூறையாடிவிடுவார் என்று அஞ்சினர். பெலிசாரியஸ் சொன்ன மறுமொழி: இது கோடைக் கதிர்த்திருப்பக் காலம், சரசேனர்கள் (அரபுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்) இரண்டு மாதங்களைத் தம் கடவுளுக்கென ஒதுக்கிவிடுவார்கள், அப்போது எவர் நிலத்திலும் கொள்ளையிடமாட்டார்கள், 60 நாளில் உங்களை அனுப்பிவிடுகிறேன். ஒரு பேரரசின் படைநடப்பையே அந்த விலக்கை நம்பி வகுத்தார்கள் என்றால், அது எவ்வளவு உறுதியான வழக்கமாக இருந்திருக்க வேண்டும்!

இரண்டாமவர், பெலிசாரியஸின் பேரரசரான ஜஸ்டினியன் அனுப்பிய தூதர் நொன்னோசஸ். சரசேனர்கள் ஆண்டுக்கு இருமுறை ஒரு புனிதத் தலத்தில் கூடுகிறார்கள், ஒரு கூட்டம் ஒரு மாதம், மற்றொன்று இரண்டு மாதம், அந்த நாட்களில் தங்களுக்குள்ளும் அந்நாட்டில் வாழும் பிறரோடும் முழு அமைதி காக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். அக்காலத்தில் காட்டு விலங்குகள்கூட மனிதரைத் தீண்டாது என்று அவர்கள் சொல்லிக்கொள்வதையும் குறித்திருக்கிறார். ஒன்றும் இரண்டுமாக மூன்று மாதம் என்பது, பின்னாளைய அரபு மரபு கூறும் ரஜப் ஒன்று, துல்கஃதா தொடங்கித் தொடர்ந்து வரும் மூன்று என்ற நான்கு மாதக் கணக்கோடு முழுதாகப் பொருந்தவில்லை. இடத்துக்கு இடம் வழக்கம் வேறுபட்டிருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ‘எழுதி வைத்த சட்டம் இல்லை’ என்பது நஜ்துக்குப் பொருந்தும், அரேபியாவுக்குப் பொருந்தாது. யமனில் கத்தபான் அரசின் தலைநகரான தம்னாவில் சந்தை நடுவே நிறுத்திய கல்தூணில் வணிக வரியும் வெளியூர் வணிகருக்கான விதிகளும் வெட்டப்பட்டுள்ளன. யமனிலேயே ஜவ்ஃப் பள்ளத்தாக்கிலிருந்து பேரீச்ச மட்டைக் காம்புகளில் கீறிய கடிதங்களும் கணக்குகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. ஓலை கண்ட நமக்கு அவற்றைப் பார்த்தால் அந்நியமாகவே தோன்றாது. யமனின் மஆரிப் அணை உடைந்தபோது, அப்போது அங்கே ஆண்ட அபிசீனியர் ஆப்ரஹா 548இல் அதைச் சீரமைத்த கல்வெட்டில், கொள்ளைநோயால் வேலை நின்றதும், வேலையாட்களுக்குச் செலவான மாவு, இறைச்சி, பேரீச்சையின் கணக்கும், ரோமிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஹீராவிலிருந்தும் பைசாந்தியத்தின் அரபுக் கூட்டாளிகளான கஸ்ஸானியரிடமிருந்தும் தூதர்கள் வந்ததும் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. இதுவும் ‘இஸ்லாத்திற்கு முந்தைய அரேபியா’தான். பாடநூல்களில் இது ஏனோ ஒரு பத்தியைத் தாண்டுவதில்லை.

கடற்கரைவாசி

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். மதரஸாவில் இக்கவிதைகளில் சிலவற்றை இலக்கணப் பாடமாக ஓதியவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

பாலைவழி ஐயா வருணித்த ஒழுங்கு இருந்தது, சரி. அது யாருக்கு இருந்தது? பழி கேட்க ஆள் உள்ளவனுக்கு. ஆள் இல்லாதவனுக்கு என்ன கதி என்பதை ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையின் பின்னணியே காட்டுகிறது. யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவில் ஆஸ் இப்னு வாயில் என்ற பெரிய மனிதரிடம் சரக்கை விற்றார்; பணம் வரவில்லை. கேட்டுப் போன குடும்பங்கள் எல்லாம் கதவை அடைத்தன. அவர் அபூ குபைஸ் குன்றின்மேல் ஏறி, கஅபாவைச் சுற்றி மக்காவின் குறைஷிக் குலத்தார் கூடியிருந்த நேரத்தில் தம் முறையீட்டைக் கவிதையாக உரக்கச் சொன்னார். அதன் பிறகுதான் சில குடும்பத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, உள்ளூரானாயினும் வெளியூரானாயினும் அநீதி இழைக்கப்பட்டவன் பக்கம் நிற்போம் என்று உறுதி எடுத்தனர். இளைஞராக அங்கிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைத்தால் வருவேன் என்று பிற்காலத்தில் கூறியதாக வரலாறு. பழைய சமூகத்தில் பாராட்டத்தக்கது இருந்தது என்பதற்கு முஸ்லிம்களாகிய எங்களுக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அதே நேரத்தில், அப்படி ஒரு தனி உறுதிமொழி தேவைப்பட்டதே குலக்காவல் எங்கே நின்றுபோனது என்பதையும் காட்டுகிறது.

சூதாட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மைஸிர் என்பது காசு வைத்து ஆடும் ஆட்டம் அன்று. பஞ்சமும் குளிரும் உள்ள நாளில் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகள், அவற்றில் ஏழுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை பங்கு உண்டு, மூன்று வெறும் அம்பு. தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்டுவார்கள். வென்றவன் இறைச்சியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதுதான் பெருமை. ஆட்டத்துக்கே வராமல் ஒதுங்குகிறவனைக் கஞ்சன் என்று பழித்தார்கள். ‘அவ்விரண்டிலும் பெரும் பாவமும் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு’ என்று குர்ஆன் 2:219 மதுவையும் மைஸிரையும் பற்றிச் சொல்லும் இடத்தில், அந்தப் பயன் இந்த இறைச்சிப் பங்கீடே என்று விரிவுரையாளர்கள் சிலர் விளக்கியுள்ளனர். விலக்கப்பட்டது ஏன் என்பது வேறு விவாதம். எது விலக்கப்பட்டது என்பதையாவது நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும்.

செங்காந்தள்

மூவருக்கும் நன்றி. குலம், பழி, ஈடு என்று இதுவரை பேசியதில் பெண் ஒருத்தியும் வரவில்லை. சிசுக்கொலை உண்மையிலேயே பரவலாக இருந்ததா? ஒருபக்கம் அதைச் சொல்கிறார்கள், மறுபக்கம் பின்னாளில் நபிகளின் மனைவியான கதீஜா சொந்தமாக வணிகம் நடத்தியதைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சமூகத்தில் எப்படி?

கல்லெழுத்து

செங்காந்தள் அவர்களுக்கு: சிசுக்கொலைக்கு நான் மிகவும் மதிக்கும் சான்று யமனின் மதிரா என்ற ஊரின் கல்வெட்டு. கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்த ஊர்க் கட்டளை, அவ்வூரார் எவரும் தம் மகளைக் கொல்லக் கூடாது என்று தடை விதிக்கிறது. ஆகவே வழக்கம் இருந்தது, ஏனெனில் இல்லாத ஒன்றை எவரும் கல்லில் வெட்டித் தடுக்கமாட்டார்கள். அதற்கு எதிர்ப்பும் இஸ்லாத்திற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே ஊர் அளவில் சட்ட வடிவம் பெற்றிருந்தது. வடக்கே, பெண் குழந்தைகளை ஒட்டகம் கொடுத்து மீட்டவராகக் கவிஞர் ஃபரஸ்தக்கின் பாட்டனார் ஸஃஸஆவைப் பேரன் பாடிப் பெருமைப்படுகிறார். எத்தனை வீட்டில் நடந்தது என்று சொல்ல எந்தக் கல்லும் உதவாது. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று குர்ஆன் 17:31 பேசுவதைப் பார்த்தால், மானத்தைக் காட்டிலும் பசியே பெரிய காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அதிகாரம் செலுத்திய பெண்கள் இருந்தார்கள் என்பதிலும் ஐயமில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டு அசீரிய ஆவணங்கள் ஸபீபே, ஸம்ஸி என்ற அரபு அரசிகளிடமிருந்து திறை பெற்றதைப் பதிவு செய்கின்றன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் மாவியா என்ற அரசி ரோமப் பேரரசர் வாலென்ஸை எதிர்த்துப் படை நடத்தி, தான் விரும்பிய துறவியையே ஆயராக நியமிக்கச் செய்தாள்.

கடற்கரைவாசி

செங்காந்தள் சகோதரி கேட்ட ‘இரண்டும் எப்படி’ என்பதற்கு என் விடை: செல்வமும் குலமும் உள்ள வீட்டுப் பெண்ணின் நிலை வேறு, மற்றவளின் நிலை வேறு. கணவன் இறந்தால் அவன் மூத்தாள் மகனே சிற்றன்னையைத் தன் உரிமைப்பொருளாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் குர்ஆன் 4:22 தடுக்கிறது. கதீஜா (ரலி) அவர்களும் அந்த விதவையும் அண்டை வீட்டார்களாகவே இருந்திருக்கலாம்.

பழிப்பகையில் பெண்ணுக்கு ஓர் இடம் இருந்தது, அது ஒப்பாரி. ஹன்ஸா தம் சகோதரர்கள் ஸக்ர், முஆவியா இருவர்மேலும் பாடிய இரங்கற்பாக்கள் இன்றும் அரபு வகுப்பறையில் ஓதப்படுகின்றன. உக்காழில் நாபிகா என்ற மூத்த கவிஞருக்குச் சிவப்புத் தோல் கூடாரம் அமைத்துக் கொடுப்பார்கள். அவர் முன் ஹன்ஸாவும் நின்று பாடிப் பாராட்டுப் பெற்றார் என்பார்கள். அவ்வகை இரங்கற்பாக்கள் பல வெறும் அழுகையோடு முடிவதில்லை. ஆண்களைப் பார்த்து ‘இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கின்றன. ஈட்டு ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவனுக்கு ‘சகோதரனின் இரத்தத்தைப் பாலாகக் குடிக்கிறாயே’ என்ற ஏச்சு காத்திருக்கும். பாலைவழி ஐயா, உங்கள் ஏற்பாடு அமைதியை நோக்கி மட்டும் இயங்கவில்லை.

பாலைவழி

கடற்கரைவாசி அவர்கள் எடுத்துக்காட்டியதை மறுக்க இடமில்லை. இருந்தாலும் ‘ஆள் இல்லாதவன்’ பற்றி ஒரு துணைக்குறிப்பு. அவனுக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது: ஜிவார், அதாவது அடைக்கலம். கூடாரக் கயிற்றைப் பற்றிக்கொண்டு அடைக்கலம் கேட்டவனைக் கைவிட்டவன் பெயர் ஒரு பருவத்துக்குள் எல்லாச் சந்தையிலும் நாறிப்போகும். கவிதைக்கு இருந்த அச்சுறுத்தும் ஆற்றல் இங்கேதான். வசைப்பா என்பது அங்கே தண்டனை. அடைக்கலமும் கிடைக்காதவர்கள் ஸஆலீக் எனப்பட்ட நாடோடிக் கொள்ளையர் ஆனார்கள். அவர்களில் உர்வா இப்னுல் வர்து கொள்ளையடித்ததை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்ததாகப் புகழ் பெற்றவர். அபிசீனிய அடிமைத்தாய்க்குப் பிறந்த அன்தராவோ, வாள் வலிமையைக் காட்டிய பிறகே தந்தையால் மகன் என்று ஏற்கப்பட்டதாகக் கதை. வாள் தூக்கத் தெரியாத அடிமைத்தாய் மகன்களை எவரும் பாடவில்லை.

கல்லெழுத்து அண்ணன், வடக்கே மேய்ச்சல்காரர்களின் பாறைக் கீறல்கள் பற்றி நீங்கள் முன்பொருமுறை குறிப்பிட்டீர்கள். அவற்றில் பழி, அடைக்கலம் எதுவும் தென்படுகிறதா?

கல்லெழுத்து

தென்படுகிறது, ஆனால் கவிதையில் வரும் தோரணையோடு அல்ல. தெற்குச் சிரியா, வடகிழக்கு ஜோர்தான் பகுதியின் கருங்கல் பாலையில் ஸஃபாயித்திக் எழுத்தில் 30,000க்கும் மேற்பட்ட கீறல்கள் பதிவாகியுள்ளன. பெரும்பாலும் இஸ்லாத்திற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. ஆடு மேய்த்தவனே எழுதியவன். இன்னான் மகன் இன்னான் என்று பல தலைமுறை வரை பெயர் அடுக்கி, பிறகு ஒரு செய்தி: ஆடு மேய்த்தான், பகைவரைக் காவல் பார்த்தான், கொல்லப்பட்ட தன் சகோதரனுக்காகத் துயருற்றான், அல்லாத் தேவியே, பாதுகாப்புக் கொடு, பழி தீர்க்க அருள். இறுதியில், இந்த எழுத்தை அழிப்பவன் கண் குருடாகட்டும் என்ற சாபம். எழுத்தறிவு எழுத்தரிடம் மட்டும் இருந்த காலத்தில், பள்ளிக்கூடமே இல்லாத மேய்ச்சல்காரர்கள் பொழுதுபோக்காக எழுதக் கற்றிருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பு.

செங்காந்தள்

இழையைத் திசைதிருப்ப விரும்பவில்லை. ஒரே ஒரு கேள்வி. நம் பக்கத்தோடு தொடர்புக்கு ஏதேனும் சான்று உண்டா?

கல்லெழுத்து

உண்டு, சிறியது. ஓமானில் கோர் ரோரி என்ற பழைய சாம்பிராணித் துறைமுகத்தில் தமிழ்ப் பிராமியில் ‘கீரன்’ என்ற பெயரோடு ஒரு பானை ஓடு கிடைத்தது.

கடற்கரைவாசி

கவிதையிலும் உண்டு. இந்திய வாளை அரபுக் கவிஞர்கள் ‘முஹன்னத்’ என்பார்கள். உறவினர் செய்யும் அநீதி முஹன்னத் வாளின் வெட்டைவிடக் கடுமையாக வலிக்கும் என்கிறார் தரஃபா.

மட்டுறுத்துநர்

தமிழகத் தொடர்புக்கும் சங்க இலக்கிய ஒப்பீட்டுக்கும் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். இங்கே அரேபியாவோடு நிற்போம்.

பாலைவழி

நன்றி. எனக்கு மிஞ்சியிருக்கும் ஐயம் ஒன்றுதான். இவ்வளவு காலம் ஓடிய ஏற்பாடு 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏன் தள்ளாடுகிறது?

கல்லெழுத்து

நான் நினைப்பது: அந்த ஏற்பாடு தனியாக நிற்கவில்லை, விளிம்பில் இருந்த அரசுகளின்மேல் சாய்ந்து நின்றது. தெற்கே யமனின் ஹிம்யர் அரசு 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பழைய தெய்வங்களைக் கைவிட்டு ரஹ்மானன் என்ற ஒரே இறைவனை அழைக்கத் தொடங்கி, உள்நாட்டு அரபுக் குலங்கள்மேலும் அதிகாரம் செலுத்தியது. 523இல் யூதம் தழுவிய மன்னர் யூசுஃப் நஜ்ரான் கிறிஸ்தவர்களைக் கொன்றார். எத்தியோப்பியாவின் அக்சும் மன்னர் காலெப் கடல் கடந்து வந்து ஹிம்யரை வீழ்த்தினார். 570களில் பாரசீகர் யமனைப் பிடித்தனர். அதே நூற்றாண்டின் முதல் பாதியில் கடும் வறட்சி நிலவியதை ஓமானின் ஹூத்தா குகைச் சுண்ணாம்புப் படிவம் காட்டுகிறது. வடக்கே பைசாந்தியம் தன் கூட்டாளியான கஸ்ஸானியத் தலைவர் முன்திரை (முன்பு வந்த ஹீரா மன்னர் அல்லர், வேறொருவர்) சிசிலித் தீவுக்கு நாடுகடத்தியது. 602 வாக்கில் பாரசீகப் பேரரசர் இரண்டாம் குஸ்ரோ ஹீராவின் கடைசி லக்மிய மன்னர் நுஃமானை அகற்றினார். தகராறு முற்றினால் கொண்டுபோக இடமும், குலத்தலைவருக்குப் பட்டமும் பணமும் கொடுக்கக் கையும் இருபது முப்பது ஆண்டுகளில் காணாமல் போயின.

கடற்கரைவாசி

அந்த நுஃமானின் முடிவிலும் பாலைவழி ஐயா சொன்ன ஜிவார்தான் வருகிறது. பேரரசர் அழைப்பை ஏற்றுப் போவதற்கு முன், அவர் தம் குடும்பத்தையும் கவசங்களையும் பக்ர் குலப் பிரிவான ஷைபானியரிடம் அடைக்கலப் பொருளாக விட்டுச் சென்றார் என்று அரபு மரபு கூறுகிறது. நுஃமான் மாண்ட பின் பாரசீக அரசு அந்தக் கவசங்களைக் கேட்டது. ஷைபானியர் தர மறுத்தார்கள். உரியவன் இறந்தாலும் அடைக்கலம் அடைக்கலமே. பேரரசின் படை வந்தது, தூகார் நீர்நிலை அருகே தோற்றுத் திரும்பியது.